வெற்றிலை, சுக்கு மாத்திரை வாயில் சீக்கிரம் கரைய என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். கும்பகோணம் பக்கம் சிறிய அளவில் ஒரு தயாரிப்புக் கூடம் நடத்துகிறார்கள். வெற்றிலை, சுக்கு, ஓமம் பொடிகளை வெல்லப்பாகிலும் கருவேலம் பிசினிலும் பிசைந்து, குருணையாக்கிக் காயவைத்து, மெஷினில் மாத்திரையாக அடிக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லுவதற்கு. ருசி பிடித்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வயதானவர்களுக்குக் கடிக்க முடியவில்லை, பல் செட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஐப்பசி வந்துவிட்டால் டப்பாவுக்குள்ளேயே பிசுபிசுத்துப் போகிறது. வாயில் வைத்ததும் கரைகிற மாத்திரைகள் கடையில் கிடைக்கின்றனவே, அப்படிச் செய்ய முடியுமா, எதைச் சேர்க்க வேண்டும், அரிசி மாவு சேர்த்தால் உதிருமா என்று கேட்டிருக்கிறார்கள்.

முடியும். உங்களிடம் இருக்கிற மெஷினை வைத்தே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். ஆனால் இப்போதைய செய்முறையில் ஒரு பொருளைக் கூடுதலாகப் போட்டுச் சரிசெய்துவிட முடியாது, அடித்தளத்தையே மாற்ற வேண்டும். மாத்திரைத் தயாரிப்பில் நீண்டகாலம் இருந்தவன் என்பதால் ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால், நாளைக்கு சரக்கு மாறினாலும் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

முதலில் இப்போதைய மாத்திரை ஒன்றை இரண்டாக உடையுங்கள். உடைந்த முகத்தை வெயிலில் பிடித்து ஒரு பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். பொடித் துகள்களுக்கு நடுவே பளபளவென்று ஒரு மெழுக்கு தெரியும். வெல்லப்பாகும் பிசினும் காய்ந்து இறுகியது அது. ஒவ்வொரு துகளையும் பக்கத்துத் துகளோடு அது ஒட்டவைத்திருக்கிறது, இடையில் இருந்த நுண்ணிய துளைகளையும் அடைத்துவிட்டிருக்கிறது. வாயில் போட்டால் எச்சில் வெளிப்பரப்பை மட்டும்தான் நனைக்கும். நனைந்த பிசின் வழவழப்பான கூழாகி மேலே ஒரு படலம் போட்டுக்கொள்ளும். அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே ஈரம் போவதில்லை. அதனால்தான் மேலே வழுக்கல், உள்ளே கல். பல்லில் ஒட்டுவதும் அந்தப் பிசின் கூழ்தான்.

கோடையில் பாளம் பாளமாக வெடித்த வயலில் முதல் தண்ணீர் விட்டால் எப்படிக் குடிக்கிறது, அதே வயலைச் சேறடித்த பிறகு தண்ணீர் எப்படி மேலேயே நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மண் ஒன்றுதான், வெடிப்பும் துளையும் இருப்பதும் அடைபட்டதும்தான் வேறு. வாயில் கரையும் மாத்திரை வெடித்த வயலாக இருக்க வேண்டும். நீங்கள் இப்போது சேறடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. பலரும் நினைப்பதுபோல மாத்திரை முழுவதும் எச்சிலில் கரைந்துவிடுவதில்லை. சும்மா இருக்கும்போது நமக்கு நிமிடத்துக்கு அரை மில்லி எச்சில்கூடச் சுரப்பதில்லை. மெல்லும்போது அதைவிடப் பல மடங்கு சுரக்கும், அப்படியும் சில மில்லிதான். மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைப் பற்றிக் கீழே சொல்லப்போகிறேன் (பெயர்தான் அப்படி, அது ஓர் இனிப்புத் தூள், மது இல்லை). அதில் அரை கிராம் முழுதாகக் கரைய, சாதாரண அறைச் சூட்டில் ஏறத்தாழ இரண்டரை மில்லி தண்ணீர் வேண்டும். ஆகவே நடப்பது என்னவென்றால், மாத்திரை ஈரத்தை இழுத்துச் சட்டென்று உதிர்கிறது, ஒரு பகுதி கரைகிறது, மீதி நைசான குழம்பாகத் தொண்டையில் இறங்குகிறது. அந்தக் குழம்பில் நறநறப்பு இல்லாவிட்டால் சாப்பிடுகிறவர் "கரைந்துவிட்டது" என்பார். உதிர்வது சீக்கிரம் நடக்க வேண்டும், உதிர்ந்தது மணல்போல் நறநறக்கக் கூடாது. இந்த இரண்டையும் சாதித்தால் போதும்.

எவ்வளவு சீக்கிரம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மருந்துகளில் நாக்கில் வைத்தவுடன் உதிரும் வகைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சோதனையில் ஏறத்தாழ 30 விநாடிக்குள் உதிர வேண்டும், எடை பொதுவாக 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஐரோப்பிய மருந்து நூல் 3 நிமிடம் வரை விடுகிறது. மெல்லும் மாத்திரை வேறு வகை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே 400 மி.கி. அல்பெண்டசோல், அது மெல்லும் வகை. அதைப் பல்தான் உடைக்க வேண்டும். அதே அமெரிக்கத் துறை 2018-ல் மெல்லும் மாத்திரைக்கென்று தனியாக ஒரு வழிகாட்டுதல் போட்டது. கடினம் 12 கிலோபாண்டுக்குக் கீழே (அதாவது 12 கிலோ எடை தரும் அழுத்தத்துக்குள்ளேயே உடையும்படி) இருக்கட்டும் என்றும், யாராவது மெல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டாலும் உள்ளே போய் உதிரும்படி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மெல்லாமல் விழுங்கிய கடின மாத்திரை குடலில் போய் அடைத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. வயதானவர்களுக்குக் கொடுக்கிற பொருள் என்பதால் இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் மாத்திரைக்கு 30 விநாடி தேவையில்லை என்பது என் கருத்து. சித்த மருத்துவத்தில் தாளிசாதி வடகத்தை மெதுவாகச் சுவைத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். அதன் சாறு தொண்டையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும், அதுதான் அதற்கு அழகு. சுக்கும் ஓமமும் அப்படித்தான், காரமும் மணமும் கொஞ்ச நேரம் நாக்கில் இருந்தால்தான் எச்சில் ஊறும், சாப்பிட்ட திருப்தியும் வரும். பல் இல்லாதவர் நாக்காலும் அண்ணத்தாலும் அழுத்தினாலே இரண்டு மூன்று அழுத்தலில் உடைந்து, ஒரு நிமிடத்துக்குள் நைசாக இறங்கிவிட வேண்டும். இதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டாம். கரைசலை அச்சிலேயே உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற ஸைடிஸ் போன்ற முறைகள் சில விநாடியில் கரையும் மாத்திரையைத் தரும். பஞ்சு மிட்டாய் இயந்திரத்தின் தத்துவத்தில் சர்க்கரை இழை செய்து, அதை அழுத்தி மாத்திரையாக்கும் முறையும் உண்டு. அவற்றின் செலவு உங்கள் விலைக்குக் கட்டாது.

இனி சரக்குக்கு வருவோம். வெல்லப்பாகையும் பிசினையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மாத்திரையின் உடம்பாக மேனிட்டால் வரட்டும். இனிப்பு சர்க்கரையில் பாதிதான். ஆனால் கரையும்போது சுற்றியிருக்கிற வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் நாக்கில் ஜில்லென்று இருக்கும். சுக்கின் காரத்துக்கும் வெற்றிலையின் மணத்துக்கும் அந்தக் குளிர்ச்சி நன்றாகச் சேரும். அதைவிட முக்கியம், காற்றிலிருந்து மேனிட்டால் ஈரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். இதே வகையைச் சேர்ந்த சார்பிட்டால் விலை குறைவு, மாத்திரையும் நன்றாக அடிபடும், ஆனால் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நம் பக்கத்து மழைக்காலத்துக்கு அது சரிப்படாது. இன்னொன்றான சைலிட்டால் நல்ல இனிப்பு, குளிர்ச்சியும் அதிகம், விலையும் அதிகம். மேனிட்டாலுக்கு இன்னொரு நன்மை, வெல்லத்தைப் போல ரத்த சர்க்கரையை ஏற்றாது. சாப்பாட்டுக்குப் பிறகு இதைக் கேட்டு வாங்குகிற பெரியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் 20 கிராமுக்கு மேல் மேனிட்டால் போனால் வயிறு இளகும், அதனால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதை உறையில் எழுதிவிடுங்கள்.

வாங்கும்போது "ஸ்ப்ரே டிரைடு" மேனிட்டால், நேரடியாக அடிக்கிற ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண மேனிட்டால் ஊசி ஊசியான படிகம், மெஷினுக்குள் தூளின் ஓட்டம் சரியாக இருக்காது, அழுத்தினால் மாத்திரையின் மேல்பகுதி தொப்பிபோல் கழன்றுவரும். தெளித்துக் காயவைத்த ரகம் உருண்டையாக, உள்ளே துளைகளோடு இருக்கும். கொஞ்சம் அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும், துளைகளும் மிஞ்சும். மேலே சொன்ன வெடித்த வயல் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதியைத் தருவது உதிர்விப்பான். மூன்று பொருள்கள் பழக்கத்தில் இருக்கின்றன: கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைகொலேட். மூன்றுமே ஈரம் பட்டதும் வேலை செய்யும், ஆனால் விதம் வேறு. ஸ்டார்ச் கிளைகொலேட் பல மடங்கு உப்பி மாத்திரையைத் தள்ளி உடைக்கும். நூற்றுக்கு 4 அளவில் நன்றாக இருக்கும், எட்டைத் தாண்டினால் அதுவே கூழாகி வழியை அடைத்துவிடும், பிசினில் பட்ட பாடுதான் மறுபடியும். கிராஸ்கார்மெல்லோஸ் நார் வடிவம். திரி எண்ணெய் இழுப்பதுபோல் ஈரத்தை உள்ளே இழுக்கும், உப்பவும் செய்யும். கிராஸ்போவிடோன் துளையுள்ள துகள். ஈரத்தை வேகமாக உள்ளே இழுக்கும், அழுத்தத்தில் நசுங்கிய துகள் ஈரம் பட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், கூழ் ஆகவே ஆகாது. வாயில் வைக்கிற மாத்திரைக்கு நான் கிராஸ்போவிடோனைத்தான் எடுப்பேன், அதிலும் நைசான ரகம். பருமனான ரகம் வேகமாக உதிர்க்கும், ஆனால் நாக்கில் தட்டுப்படும்.

அரிசி மாவைப் பற்றிக் கேட்டீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாத்திரை உதிர மாவுச்சத்து சேர்ப்பது மிகப் பழைய வழக்கம். அரிசியின் மாவுச்சத்து மணிகள் வழக்கமான மற்ற மாவுச்சத்துகளைவிட மிகச் சிறியவை, பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் கீழே (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதனால் நாக்குக்கு வழவழவென்று இருக்கும், இந்த விஷயத்தில் உருளைக்கிழங்கு மாவுச்சத்து கிட்டவே வராது. ஆனால் மில்லில் அரைத்த மாவு வேறு, புரதமும் கொழுப்பும் நீக்கிப் பிரித்தெடுத்த மாவுச்சத்து வேறு. மில் மாவில் இருக்கிற புரதமும் கொழுப்பும் ஈரத்தைத் தடுக்கும், நாளானால் சிக்கு வாடை வரும், நுண்ணுயிர்த் தொல்லையும் உண்டு. பிரித்தெடுத்த அரிசி மாவுச்சத்து கிடைத்தால் நூற்றுக்கு 10 வரை சேர்த்துப் பார்க்கலாம். ஓட்டம் குறையும், மாத்திரையின் பிடிப்பும் தளரும். உதிர்வதும் கிராஸ்போவிடோன் வேகத்துக்கு வராது. டெல்டா அரிசி என்று உறையில் போடுவது மதிப்புத்தான், அதற்காகச் சேர்ப்பதானால் கிராஸ்போவிடோனோடு துணையாகச் சேருங்கள், தனியாக நம்ப வேண்டாம்.

உங்கள் மூலிகைகள்தான் இதில் கடினமான பகுதி. சுக்கு நார்ச் சரக்கு. நார் அழுத்தினால் அமுங்கும், மெஷினின் பஞ்ச், அதாவது அழுத்துகிற உலோகத் தண்டு, விலகியதும் எழும். அதனால் மாத்திரை குறுக்கே பிளக்கும். 100 கண் சல்லடையில் (ஓர் அங்குலத்துக்கு 100 கண்) சலித்தாலும் 150 மைக்ரான் வரை துகள் வரும், நாக்குக்கு நறநற என்றிருக்கும். ஓமத்தில் தைமால் என்ற மணப்பொருள் கலந்த எண்ணெய் இருக்கிறது, வெற்றிலையிலும் மண எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் துகளின் மேல் பரவினால் எச்சில் ஒட்டாமல் விலகும். அதோடு, காயவைக்கிற சூட்டில் அந்த மணம்தான் முதலில் போகும்.

அதனால் சுக்கைப் பொடியாகப் போடாமல், நீரில் வடித்துத் தூளாக்கிய சாரமாக வாங்கிப் போடுவது நல்லது. அளவு குறையும், நறநறப்பு போகும். ஆனால் சாரத்தூள் காற்றில் ஈரத்தைப் பயங்கரமாக இழுக்கும். பொட்டலம் பிரித்து ஒரு மணி நேரம் மழைக்கால மேசையில் வைத்திருந்தால் கட்டிபிடித்துவிடும். பொடி என்றால் நறநறப்பு, சாரம் என்றால் ஈரம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும், நான் சாரத்தைத் தேர்ந்தெடுத்து ஈரத்தோடு போராடுவேன். ஈரத்தை அறையிலும் உறையிலும் தடுக்க முடியும், சாப்பிடுகிறவர் வாயில் இருக்கிற நறநறப்பை எதனாலும் தடுக்க முடியாது. ஓமத்துக்கும் வெற்றிலைக்கும் மண எண்ணெயை நைசான சிலிக்காவிலோ, மாவுச்சத்திலிருந்து செய்கிற மால்ட்டோடெக்ஸ்ட்ரின் தூளிலோ ஊறவைத்து உலர்ந்த தூளாக்கி, கடைசிக் கலவையில் சேருங்கள். சூடு படவே கூடாது.

தொடங்குவதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், 700 மி.கி. மாத்திரைக்கு. மூலிகைச் சாரமும் மணத்தூளும் சேர்ந்து 100 மி.கி., ஸ்ப்ரே டிரைடு மேனிட்டால் 500, மைக்ரோ கிறிஸ்டலின் செல்லுலோஸ் 48, கிராஸ்போவிடோன் 35, இந்துப்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து 8, இனிப்புக்குச் சுக்ரலோஸ் 1, சிலிக்கா 3, மெக்னீசியம் ஸ்டியரேட் 5. இது வேதவாக்கு இல்லை, கையில் பிடித்துக்கொண்டு நகர ஒரு கொம்பு மட்டும். செல்லுலோஸ் மாத்திரைக்குப் பிடிப்பு தரும், அதைக் கூட்டினால் வாயில் மரத்தூள் தின்பதுபோல் ஆகிவிடும், ஆகவே நூற்றுக்கு ஏழெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சேர்த்துப் பிசையும் வேலையே இதில் இல்லை. எல்லாவற்றையும் சலித்து, உலர்ந்தபடியே கலந்து, நேரே மெஷினுக்குப் போகிறது. சுக்ரலோஸ் மாதிரி மிகச் சிறிய அளவில் இருப்பதை முதலில் கொஞ்சம் மேனிட்டாலோடு கலந்து, பிறகு அதே அளவு, பிறகு அதன் இரட்டிப்பு என்று பெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு மாத்திரை தித்திக்கும், அடுத்தது சப்பென்று இருக்கும்.

மெக்னீசியம் ஸ்டியரேட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மெஷினின் பஞ்ச்சிலும், சரக்கு விழுகிற அச்சுக்குழியான டையிலும் ஒட்டாமல் இருக்க இதைப் போடுகிறோம். இது ஒரு கொழுப்புப் பொருள், தண்ணீரோடு சேராது. நீண்ட நேரம் கலக்கினால் ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அப்புறம் எச்சில் உள்ளே போகாது, துகள்களும் ஒன்றையொன்று பிடிக்காது. மாத்திரை பொடிப்பொடியாகவும் இருக்கும், சீக்கிரம் உதிரவும் செய்யாது, இரண்டு கெடுதலும் ஒன்றாக வரும். எல்லாம் சரியாகப் போட்டும் மாத்திரை உதிரவில்லை என்று சொல்கிற பல இடங்களில் காரணம் இந்தக் கலக்கல்தான். கடைசியில், 60 கண் சல்லடையில் சலித்துச் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் சுற்றி நிறுத்துங்கள். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள்.

அழுத்தத்தைக் குறைத்து அடியுங்கள். மாத்திரையின் கடினத்தை அளக்கிற மான்சான்டோ கருவியில் 3 முதல் 4 கிலோ காட்டினால் போதும். அதற்கு மேல் துளைகள் நசுங்கும், அதற்குக் கீழே உறையில் போட்டு அனுப்பும்போதே உடையும். வாயில் சீக்கிரம் உதிர வேண்டும் என்கிற ஆசையும் வழியில் உடையக் கூடாது என்கிற தேவையும் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மாத்திரை உருண்டு தேய்வதைச் சோதிக்கிற உருளையில் நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம் சுற்றி, எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடிவத்தையும் மாற்றலாம். உருண்டு திரண்ட மாத்திரையை விட, அகலமாக, தட்டையாக, ஓரம் சரிந்த மாத்திரையில் ஈரம் நடுவரை போக வேண்டிய தூரம் குறைவு. பல் இல்லாதவர் அண்ணத்தில் வைத்து அழுத்தவும் அதுதான் வசதி.

உதிர்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சிறிய கண்ணாடித் தட்டில் மெல்லிய காகிதக் கைக்குட்டையை இரண்டாக மடித்து வையுங்கள். உணவுச் சாயம் கலந்த தண்ணீர் 6 மில்லி ஊற்றுங்கள், காகிதம் நனைந்து தட்டில் படிந்துகொள்ளும். மாத்திரையை அதன்மேல் மெதுவாக வைத்துவிட்டு நேரம் பாருங்கள். கீழேயிருந்து நிறம் ஏறும். ஓரத்தில் முதலில் தெரியும், அப்புறம் மேல்முகத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளி வரும், பிறகு முழுவதும் பரவும். மேல்முகம் முழுக்க நிறமாகும் நேரம்தான் நனையும் நேரம். மருந்தியல் ஆய்வகங்களிலும் செய்வது இதைத்தான். நிறையத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுப் பார்ப்பதை விட இது வாய்க்கு நெருக்கமான சோதனை, ஏனென்றால் வாயில் இருப்பதும் கொஞ்சம் ஈரம்தான். உங்கள் பழைய மாத்திரையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிறம் ஏறுகிற வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். பழையதை எடுத்து உடைத்தால் உள்ளே இன்னும் காய்ந்தே இருக்கும்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். டெல்டாவில் இந்தத் தொழில் செய்கிறவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை இது. நாம் செய்யும் மாத்திரை வாய்க்குள் போனதும் ஈரத்தை ஆவலோடு குடிக்க வேண்டும், அதே மாத்திரை அதுவரை காற்றில் இருக்கிற ஈரத்தைத் தொடவே கூடாது. கிராஸ்போவிடோனுக்கு எச்சில் எது, மழைக்காற்று எது என்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்து வைத்தால் காற்றிலிருந்தே குடித்து மெல்ல உப்பத் தொடங்கும். மாத்திரை மிருதுவாகும், ஓரம் உதிரும், மேல்முகம் சொரசொரப்பாகும். ஒருமுறை உப்பியதைக் காயவைத்தாலும் பழைய பிடிப்பு வராது.

ஆகவே கலக்குகிற, அடிக்கிற, உறையில் போடுகிற அறை ஒன்றாக இருக்கட்டும், சிறிதாக இருக்கட்டும். டீஹியூமிடிஃபையர் போட்டு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஏ.சி. சூட்டைக் குறைக்கும், ஈரத்தை இந்த அளவுக்கு இறக்காது. சுவரில் ஒரு ஈரப்பதமானி தொங்கட்டும், அதன் அளவைப் பார்த்துவிட்டுத்தான் சாரத்தூள் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். இத்தனை வசதி இப்போதைக்கு இல்லையென்றால், அடைமழை மாதங்களில் அடிப்பதை நிறுத்திவிட்டு, பங்குனி, சித்திரையில் சரக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் காலைப் பனி விலகிய பிறகு. சிட்ரிக் அமிலத்தோடு சமையல் சோடா சேர்த்து நுரைக்கவைக்கும் யோசனை யாராவது சொல்வார்கள். வாயில் நுரைத்து வேகமாக உதிரும் என்பது உண்மைதான். அதற்கு அறை ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே வேண்டும், இல்லையென்றால் உறைக்குள்ளேயே நுரைத்து முடிந்துவிடும். இங்கே அதைத் தொடவே வேண்டாம்.

கற்பூரம் சேர்த்து மாத்திரை அடித்து, பிறகு சூட்டில் கற்பூரத்தை ஆவியாக்கித் துளை உண்டாக்கும் முறையையும் படித்திருப்பீர்கள். மருந்தியல் மாணவர்களின் ஆய்வுகளில் அடிக்கடி வருவது. துளைகள் நன்றாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் உள்ளே கற்பூரம் மிச்சம் இல்லை என்று உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய டப்பா பேரப்பிள்ளை கையில் கிடைக்காது என்று யார் உறுதி சொல்ல முடியும்? இந்த வழியை விட்டுவிடுங்கள்.

மாத்திரை மழைக்காலத்தைத் தாங்குமா என்பதை வெயில் காலத்திலேயே பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. காற்றுப் புகாத ஒரு டப்பாவின் அடியில் உப்பைக் கொட்டி, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு கொஞ்சம் கரையாமல் மிஞ்சியிருக்க வேண்டும். மேலே ஒரு வலைத்தட்டில் மாத்திரையைத் திறந்தபடி ஒரு பங்கும் உறையோடு ஒரு பங்கும் வைத்து மூடிவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் தானாகவே 75 விழுக்காட்டுக்கு வந்து நிற்கும், இது சோடியம் குளோரைடின் இயல்பு. சுத்தமான தூள் உப்பு போடுங்கள். வேதாரண்யம் கல்லுப்பு சமையலுக்கு எத்தனை ருசியாக இருந்தாலும் இதற்குச் சரிவராது. அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அது காட்டும் ஈரப்பதம் வேறு. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர்விடுவதற்கும் அந்த மெக்னீசியம்தான் காரணம். வாரம் ஒருமுறை எடுத்து எடை, கடினம், நனையும் நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டே வந்தால், எந்த உறை தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று எழுத்திலேயே தெரிந்துவிடும்.

உறை என்றால் டப்பாவை மறந்துவிடுங்கள். தினமும் திறந்து மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே போகிறது, அடியில் இருக்கிற மாத்திரைக்கு முறை வருவதற்குள் அது பாழாகிவிடும். இருபுறமும் அலுமினியம் உள்ள உறைதான் இதற்கு. ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி அறையில் இருப்பதால், ஒன்றைப் பிரித்தால் மற்றவை பாதிக்கப்படாது. சாதாரண பி.வி.சி. பிளிஸ்டர் ஈரத்தை மெல்ல விடும், இந்த மாத்திரைக்குப் போதாது. இன்னொன்று, இளகிய மாத்திரையை உறையிலிருந்து விரலால் அழுத்தித் தள்ளினால் நொறுங்கும். கிழித்துப் பிரிக்கிற மாதிரி, ஓரத்தில் கீறல் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ள விரல்களுக்கும் கிழிக்க எளிதாக இருக்க வேண்டும், நீங்களே ஒரு பெரியவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் என்று விற்கிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தின் கீழ் வருகிறீர்கள். மேலே சொன்னவற்றுக்கு உணவுச் சேர்மான எண்கள் இருக்கின்றன: மேனிட்டால் 421, கிராஸ்கார்மெல்லோஸ் 468, மெக்னீசியம் ஸ்டியரேட் 470, கிராஸ்போவிடோன் 1202. உங்கள் பொருள் எந்த வகையில் வருகிறதோ அந்த வகைக்கு இவை ஒவ்வொன்றும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, எந்த அளவு வரை என்பதை ஆணையத்தின் பட்டியலில் பார்த்த பிறகே சரக்கு வாங்குங்கள். அஜீரணத்தைக் குணமாக்கும், வாயுவைப் போக்கும் என்று உறையில் எழுதினால் அது மருந்தாகிவிடும். அப்போது சித்த மருந்து உரிமமும், அதற்கான தயாரிப்பு விதிகளும் வேண்டும். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கான தொழில் வளர்ப்பு மையம் இருக்கிறது. செய்முறையை எழுதிக்கொண்டு, பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை அங்கே போய்ப் பேசிவிட்டு, அப்புறம் பெரிய பேட்ச் போடுங்கள்.